வீட்டில் உறுதி செய்தார்கள்

பிப்ரவரி 9

பேத்திக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நான் இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. உன் அம்மா. நான். உன் மாமா, என் மூத்தவன். சிவப்பு டை கட்டிய சேல்ஸ்மேன், டையில் காபிக் கறை. பில் போடும் அம்மாள், மூக்கின் நுனியில் கண்ணாடி. கண்ணாடி அறைக்குள் போனைக் காதிலிருந்து எடுக்காத மேனேஜர். பிறகு உன் அம்மாவின் மூன்றடுக்குக் கேக் பெட்டி, காலிப் பெட்டி. அதையும் ஓர் ஆளாகவே வைத்துக்கொள், அதற்காகத்தானே காரே வாங்கப் போனோம்.

நாங்கள் இருவரும் பூனைகள் இரண்டும் சுகம். என் முழங்கால் வலிப்பதை விடவில்லை. உன் இருமல் எப்படி?

ஷோரூமுக்குள் போன உடனே டைக்காரன் உன் அம்மாவிடம் கேட்டது, "சார் வரலையா மேடம்?" நான் சொன்னேன், "அவர் வர முடியாது தம்பி. போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு." அவன் முகம் வெளுத்துப் போய் உன் மாமா பக்கம் திரும்பினான். திரும்பினவன் அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. எஞ்சின் பற்றி மாமாவிடம், டயர் பற்றி மாமாவிடம். உன் அம்மாவிடம் மட்டும், "மேடம், உங்க பக்கத்துல சின்ன கண்ணாடி இருக்கு, பொட்டு சரி பண்ணிக்கலாம்" என்றான். ஒன்பது வருடம் முட்டை அடித்துக் கேக் செய்து விற்றுச் சேர்த்த காசில் கார் வாங்க வந்தவளிடம் பேசிய பேச்சு இது.

உன் அம்மா நேராகக் கார்கள் பக்கம் போனாள். ஒவ்வொரு காரின் டிக்கியையும் திறக்கச் சொன்னாள். பெட்டியை உள்ளே வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், அடுத்த காருக்குப் போனாள். "மேடம், இது கேக் வண்டி இல்ல" என்று டைக்காரன் சிரித்தான். உன் மாமாவும் சிரித்தான். நான்காவது கார், நீல நிறம், பின்பக்கம் சுவர் மாதிரி நேராக நிற்கும். பெட்டி உள்ளே போய், மேலே ஒரு சாண் மிச்சமும் இருந்தது. உன் அம்மா டிக்கிக் கதவைத் தானே மூடி, திறந்து, மூடினாள். அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் வண்டி வரும் என்றார்கள். கையெழுத்துப் போட்டாள். வந்துவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

*

பிப்ரவரி 20

அன்புள்ள பாட்டி,

இருமல் போய்விட்டது. இங்கே வானிலை நிலையத்தில் நாங்கள் மூன்று பேர், ஒரு ஜீப், பேச்சுக்கு வராத ஒரு டெலிபோன். தபால் வாரம் ஒருமுறை ஏறி வருகிறது. உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். மற்ற இருவரும், "அந்தச் சின்ன கண்ணாடியில டைக்காரரை மொதல்ல மொகம் பாக்கச் சொல்லணும்" என்றார்கள்.

அம்மா சந்தோஷமாக இருக்கிறாளா? போனில் "நீலம்" என்று மட்டும் கேட்டது, மீதிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விட்டது.

மாமா தொந்தரவு ஒன்றும் செய்யவில்லையே? கூட ஓர் ஆள் நின்றது நல்லதுதானே, யாரும் ஏமாற்ற முடியாது.

இன்னொன்று. எப்போதும் "என் சிட்டே" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். இந்தத் தடவை "பேத்திக்கு" என்று ரேஷன் கார்டில் எழுதுவது போல எழுதியிருக்கிறீர்கள். என்ன பாட்டி?

முழங்காலுக்குக் கம்பளி உறை அனுப்புகிறேன். முத்தங்கள்.

உங்கள் சிட்டு

*

மார்ச் 2

பேத்திக்கு,

கம்பளி உறை வந்தது. ஒன்று சற்று நீளம். இரண்டு முழங்காலும் ஒரே அளவுதான் என்று நினைவில் வைத்துக்கொள்.

பேனாவில் மை குறைவு. அதனால் சுருக்கமாக எழுதினேன்.

கார் ஏன் அவசரம் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அந்தப் பெரிய ஹோட்டலின் சமையல் தலைவர் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டார், "உங்க கேக்குக்கு ஈடு இல்லக்கா. ஆனா வாடகை வண்டியில வந்து வந்து மூணு தடவை சாஞ்சிருச்சு. ஜூன்ல இருந்து சொந்த வண்டியில கொண்டு வர்றவங்களுக்குத்தான் ஆர்டர்." அந்த ஹோட்டல் போனால் பாதி வருமானம் போகும். அது மட்டும் இல்லை. அவள் செய்வதை ஊரே பார்ப்பது அங்கேதான். பிறந்தநாள் கேக்கை யாரும் நின்று பார்ப்பதில்லை.

உன் அம்மா நேற்று மாமாவைக் கேட்டாள், "அன்னைக்கு உன்னை யாரு கூப்பிட்டா?" "சும்மா வந்தேன்" என்றான். அவன் சும்மா எங்கேயும் போகிறவன் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் என் குடையை எடுத்துக்கொண்டு போனவன், அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடச் சும்மா வரவில்லை.

உனக்கு ஏதாவது தெரியுமா?

பாட்டி

*

மார்ச் 15

அன்புள்ள பாட்டி,

மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா, அல்லது போட்டதாக அம்மாவிடம் சொல்கிறீர்களா?

இங்கே நேற்று ஆலங்கட்டி மழை. ஒரு கட்டியை எடுத்து அளந்தோம், கோலிக்குண்டைவிடப் பெரியது. ஜீப்பின் மேல் தாளம் போட்டது. நான்தான் இப்போது ஜீப்பை ஓட்டிக் கீழே போய்ச் சாமான் வாங்குகிறேன், வளைவில் பயமே இல்லை.

ஹோட்டல் விஷயம் எனக்குத் தெரியாது. ஏப்ரலில் வண்டி வந்துவிடும், ஜூனுக்கு நிறைய நாள் இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

வேறு விசேஷம் இல்லை. முத்தங்கள்.

சிட்டு

*

ஏப்ரல் 6

பேத்திக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆலங்கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி.

நேற்று வண்டியைக் கொண்டுவரப் போனோம். உன் அம்மா புதுச் செருப்பு போட்டுக்கொண்டாள். காலிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள், ஏன் என்று கேட்டேன், "அதுவும் வரட்டும்மா" என்றாள்.

ஷோரூம் வாசலில் ஒரு கார், மேலே சிவப்பு ரிப்பன். சின்னக் கார். வெள்ளை. பின்பக்கம் சறுக்கு மரம் மாதிரி சரிந்து இறங்குகிறது. டைக்காரன் சாவியை நீட்டி, "மேடம், இதுதான் லேடீஸுக்கு பெஸ்ட். கியரே இல்ல. எங்க வேணா பார்க் பண்ணலாம்" என்றான்.

உன் அம்மா சாவியை வாங்கவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னாள். பெட்டியை உள்ளே வைத்தாள். "மூடுங்க" என்றாள். அவன் அழுத்தினான். மூடவில்லை. "நல்லா மூடுங்க." மறுபடி அழுத்தினான். பெட்டியின் மூலை நசுங்கியது. "உள்ள கேக் இருந்தா இப்ப என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள், சத்தம் போடாமல், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்பது மாதிரி.

அவன் கண்ணாடி அறையைப் பார்த்தான். மேனேஜர் போனில் இருந்தார். பில் போடும் அம்மாள்தான் எழுந்து வந்து பைலை எடுத்து விரித்தாள். உன் அம்மா கையெழுத்துப் போட்ட அதே தாள். நீல வண்டியின் பெயர் மேல் ஒரு கோடு. பக்கத்தில் வெள்ளை வண்டியின் பெயர். ஓரத்தில் பென்சிலில், "வீட்டில் உறுதி செய்தார்கள்." அதற்குக் கீழே உன் மாமாவின் போன் நம்பர்.

நீல வண்டி தாமதமாகும் என்று டைக்காரன் போன் செய்திருக்கிறான். "அப்போ இருக்கறதைக் குடுங்க, அவளுக்கு இது போதும்" என்று உன் மாமா சொல்லியிருக்கிறான்.

உன் அம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு பென்சிலை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டுச் சொன்னாள், "எங்க வீட்டுல நான்தான். நான் கேட்ட வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்கேன்."

வெளியே வந்தபின் என்னைக் கேட்டாள், "வீட்டுல கேக்கணும்னு அவங்களுக்கு யாரும்மா சொன்னது?" நான் பைக்குள் கைக்குட்டை தேடினேன்.

நீல வண்டி வர இன்னும் பதினொரு வாரமாம். எண்ணிப் பார்த்துக்கொள், ஜூன் பாதியைத் தாண்டுகிறது.

மாத்திரை போடுகிறேன்.

பாட்டி

*

மே 1

பேத்திக்கு,

மூன்று தபால் நாள் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மலையில் பாதை சரிந்ததோ என்று நினைத்துத் தபால்காரரைக் கேட்டேன். "பாதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாட்டி" என்றார். ஆகவே உன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை வாடகை வண்டியில் ஹோட்டலுக்குப் போனோம். கேக் பின் சீட்டில், உன் அம்மா பக்கத்தில், நான் முன்னால். ஒரு நாய் குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக் போட்டார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். உன் அம்மா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், ஆனாலும் மேல் அடுக்கு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. ஹோட்டல் அடுக்களையில் நின்றபடியே கத்தியைச் சூடாக்கிச் சூடாக்கிச் சரிசெய்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. சமையல் தலைவர் மட்டும் கண்டுபிடித்தார். "அக்கா, ஜூன் இருபது கல்யாணம்தான் கடைசி. அதுக்கும் வாடகை வண்டியில வந்தீங்கன்னா நான் மேல பதில் சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மா சட்டையைக் கழற்றினபோது பார்த்தேன். பெட்டியின் விளிம்பு அழுத்தி, கை முழுக்க ஒரு சிவப்புக் கோடு. கேட்டால், "எங்கயோ இடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

எழுத இஷ்டம் இல்லையென்றால் வெறும் தாளையாவது மடித்து அனுப்பு.

பாட்டி

*

மே 9

அன்புள்ள பாட்டி,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நலம் விசாரிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

மாமாவை அனுப்பியது நான்தான்.

ஜனவரியில் கீழே போனபோது கடையிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். "அம்மாவும் பாட்டியும் மட்டும் கார் வாங்கப் போறாங்க மாமா, நீங்க பக்கத்துல நின்னாப் போதும், ஒண்ணும் பேச வேண்டாம்" என்றேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் எதையும் மறப்பதில்லை. அப்பா இறந்த வருடம் அவருடைய ஸ்கூட்டரை அம்மா விற்றாள். அந்த மெக்கானிக் எஞ்சின் போச்சு, பாடி போச்சு என்று பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு, மறுநாள் எங்கள் தெருவிலேயே அதில் போனான். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தாள். திரும்பி மாவைப் பிசைந்தாள். நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், அவள் கண்ணீர் மாவில் விழுந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குள் ஒரு நினைப்பு, பக்கத்தில் ஓர் ஆண் நின்றிருந்தால் அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று.

நானே மலையில் ஜீப் ஓட்டுகிறேன் பாட்டி. டயர் மாற்றுகிறேன். அப்படிப்பட்ட நான் என் அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். ஹோட்டல் போனால் அது என்னால்தான்.

உங்கள் கோபத்தை முழுதாக எழுதுங்கள். மை குறைவு என்று சொல்லாதீர்கள்.

சிட்டு

*

மே 16

என் சிட்டே,

இதை எழுதத்தான் மூன்று மாதமாக ஆசைப்பட்டேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும். போனில்தான் எனக்கு எல்லாம் வண்டு ரீங்காரம் மாதிரி கேட்கும், நேரில் வலது காது நன்றாகவே வேலை செய்யும். உன் அம்மா டிக்கிகளைப் பார்க்கப் போனதும் உன் மாமா டைக்காரனிடம் சொன்னான், "தங்கச்சி பொண்ணுதான் போன் பண்ணிக் கெஞ்சுச்சு, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு." நீ கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டாய், அது அவனாகச் சேர்த்தது. உன் அம்மாவுக்குக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. நீயாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். மை இருந்தது. "சிட்டே" என்று எழுதத்தான் கை வரவில்லை.

இப்போது நான் சொல்கிறேன், நீ கேள். நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

அன்றைக்கு உன் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு நீல வண்டியை இன்னொரு தடவை பார்க்கப் போனாள். டைக்காரன் என்னிடம் வந்து, "அப்ப முடிச்சிடலாமா பாட்டி?" என்றான். என் வாயில் தானாக வந்தது, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம் தம்பி." ஐம்பது வருடமாகப் புடவைக் கடையில், பாத்திரக் கடையில் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை. அப்படிச் சொன்னால் கடைக்காரன் இன்னொன்று சேர்த்துத் தருவான். காருக்குக் கால்மிதி கிடைக்குமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள்? இரண்டு பூனை.

அவன் உடனே, "வீட்டுல யாரு நம்பர்?" என்றான். உன் மாமா தன் நம்பரைச் சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன். தடுக்கவில்லை.

நீ ஆளை அனுப்பினாய். நான் அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். உன் அம்மாவிடம் என் பங்கை நேற்று சொல்லிவிட்டேன். கால்மிதி என்றதும் சிரித்தாள், சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. உன் பங்கை நீதான் சொல்ல வேண்டும். எழுதாதே. போனில் சொல்.

அந்த ஸ்கூட்டர் மெக்கானிக்கை நான் மறக்கவில்லை. அவன் கடை வழியாக நான் நடப்பதே இல்லை, சுற்றித்தான் போகிறேன். அதனால்தான் முழங்கால் இப்படி ஆயிற்று.

குளிக்கும் தண்ணீரைச் சுட வைத்துக் குளி. ஆயிரம் முத்தம், மூன்று மாதத்துப் பாக்கியையும் சேர்த்து.

உன் பாட்டி

*

ஜூன் 4

என் பாட்டிக்கு,

உங்கள் முத்தங்கள் நனையாமல் வந்து சேர்ந்தன.

ஜீப்பில் கீழே இறங்கி, கடைக்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினேன். முழுதும் சொன்னேன். ஸ்கூட்டர், மாவு, மேசைக்கு அடியில் நான், எல்லாம்.  லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "அன்னைக்கு நீ அங்க இருந்தியா" என்றாள். அப்புறம், "சாப்பிட்டியா?" என்றாள்.

நான் அழுததில் கடைக்காரர் உள்ளே வந்து தண்ணீர் கொடுத்தார்.

வண்டி வருமா பாட்டி? இருபதாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள். லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. கிடைத்தால் இந்த ஜீப்பையே ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

மாத்திரை, முழங்கால் உறை, இரண்டையும் மறக்க வேண்டாம்.

உங்கள் சிட்டு

*

ஜூன் 23

என் சிட்டே,

நீ கேட்டதற்கு முதலில் பதில். கேக் நேராகப் போய்ச் சேர்ந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பத்தாம் தேதி மத்தியானம் வாசலில் மணி அடித்தது. டைக்காரன். கழுத்தில் டை இல்லை, அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லை. உள்ளே வராமல் நின்றபடியே உன் அம்மாவிடம் சொன்னான், "மேடம், அன்னைக்கு உங்ககிட்டக் கேக்காம மாத்துனது என் தப்பு. வேற கிளையில ஒரு நீல வண்டியோட புக்கிங் ரத்தாயிருக்கு. நானே போய் எடுத்துட்டு வர்றேன், திங்கட்கிழமை." உன் அம்மா, "டிக்கி அதே அளவுதானே?" என்றாள். "பெட்டி அளவை வாங்கிட்டுப் போகத்தான் மேடம் வந்தேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தான். கூடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து நீளம், அகலம், உயரம் அளந்து கையிலேயே எழுதிக்கொண்டான். அவனுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தேன். இரண்டாவது துண்டு கேட்டான், அதையும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. இருபதாம் தேதி காலை மூன்றடுக்கையும் உள்ளே வைத்தோம். உன் அம்மா டிக்கியை மூடினாள், அது மூடுகிற சத்தம் எனக்கு இரண்டு காதிலும் கேட்டது. வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் வேகத்தைக் குறைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே போனேன். ஹோட்டல் பின்வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தால், கேக் வீட்டில் வைத்தது வைத்தபடி, ஒரு கிரீம் பூ கூட இடம் மாறவில்லை. சமையல் தலைவர் கேக்கைப் பார்க்கவில்லை, வண்டியைச் சுற்றி வந்தார். "டிசம்பர் வரைக்கும் எல்லா சனிக்கிழமையும் உங்களுக்குத்தான் அக்கா" என்றார். திரும்பி வரும்போது உன் அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினாள். அவள் தலைமுடி கலைந்ததைச் சரிசெய்யவே இல்லை.

சாயங்காலம் உன் மாமா வந்தான். தெருவில் நாலைந்து பேர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அம்மா ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வாத்தியார், "வண்டி அருமையா இருக்கே" என்றார். உன் மாமா வண்டியின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு, "நான்தான் சார் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தேன். பொம்பளைங்களா தனியாப் போயிருந்தா எதையாவது தலையில கட்டியிருப்பான்" என்றான். உன் அம்மா அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், உண்மையான சிரிப்புத்தான். அவளுக்கு வண்டி இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டாள்.

நான் அவனை உள்ளே கூப்பிட்டேன். "அன்னைக்கு ஏன்டா மாத்தச் சொன்ன?"

"அவளுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய வண்டி?"

"அவகிட்டக் கேட்டியா?"

"இதையெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா? நான் அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்."

அவன் பொய் சொல்லவில்லை, சிட்டே. அவன் அதை நம்புகிறான். தப்பு செய்தேன் என்று மனதுக்குள் இருந்தாலாவது ஒருநாள் வெளியே வரும் என்று காத்திருக்கலாம். அவனிடம் அது இல்லவே இல்லை. அவனை அப்படி வளர்த்தது யார் என்று நீ கேட்பாய். அதையும் யோசித்துவிட்டேன், இரண்டு நாள் தூங்காமல்.

அவன் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்தேன். சூடாக ரொட்டி சுட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி ஓரம் கருகாமல், எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். தலைவலி என்றான், தைலம் தேய்த்துவிட்டேன். இனியும் செய்வேன். அவன் வந்தால் கதவு திறந்திருக்கும்.

டைக்காரத் தம்பியை மன்னித்தாயிற்று, மண்டி போட்டு அளந்தானே. உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். என்னையும் மன்னித்துக்கொண்டேன், இந்த வயதில் என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது. நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். பத்து மாதம் சுமந்தேன், முதல் முதலாக என்னை அம்மா என்று கூப்பிட்டவன். உன் மாமா, என் மூத்த மகன்.